சிவப்புக் குடையின் பதினேழரை நிமிடம்

சனிக்கிழமை மாலை நான்கு மணி ஆனால் அந்த ஊரில் நான்கு வீடுகளில் நான்கு இசைத்தட்டுகள் சுழலத் தொடங்கும். நான்கு முட்கள் இறங்கும். நான்கு பேர், ஒரு கையில் கோப்பையும் மறு கையில் கைபேசியுமாக, தங்கள் தட்டில் இந்த நிமிடம் என்ன ஜாஸ் ஓடுகிறது என்று மற்ற மூவருக்கும் எழுதி அனுப்புவார்கள். பதினோரு வருட வழக்கம். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே எழுத வேண்டும். நேற்றுக் கேட்டதை இன்று எழுதக்கூடாது. கேட்காததைக் கேட்டதாக எழுதவே கூடாது. இந்தச் சட்டத்தை மீறிய ஐந்தாவது ஆள் ஒருவர் இருந்தார். இப்போது அவர் தபால்தலை சேர்க்கிறார்.

பல் டாக்டர் எழுதுவது மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். 'பியானோ, பாஸ், டிரம்ஸ். இரண்டாம் பக்கம். ஒரு கீறல். நன்று.' அவ்வளவுதான். பேக்கரி அக்கா தட்டின் உறையைப் படம் எடுத்து அனுப்புவார். எல்லா உறையிலும் மாவு படிந்த கட்டைவிரல் ரேகை இருக்கும், போலீஸ் தேடி வந்தால் தப்பவே முடியாது. விடியற்காலை முதல் பேருந்தை ஓட்டும் தாடிக்கு மாலை நான்கு மணி என்றாலே கண் சொக்கும். 'இந்த டிரம்பெட் இருக்கிறதே, அது' என்று எழுதியிருப்பார். மீதியை எழுதுவதற்குள் தூங்கியிருப்பார்.

நான்காமவர் லிஃப்ட்காரர். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதுவதற்காகத்தான் மற்ற மூவரும் காத்திருப்பார்கள். ஏனென்றால் அந்த மனிதரிடம் இருநூறு தட்டுகளும், இருநூறையும் இரண்டாயிரமாக்கும் வாயும் இருந்தன. ஒரு டிரம்ஸ்காரர் அடித்த அடியில் எதிர்வீட்டு நாய் முன்னங்காலைத் தூக்கித் தாளம் போட்டது என்று எழுதுவார். ஒரு பாஸ்காரர் தந்தியை மீட்டியதில் அலமாரியில் இருந்த மூக்குக்கண்ணாடி தானே நடந்து வந்து மூக்கில் ஏறிக்கொண்டது என்பார். யாரும் நம்புவதில்லை. யாரும் ஒரு வரியையும் விடுவதுமில்லை.

ஆனால் 'சிவப்புக் குடை' என்று அவர் எழுதினால் மட்டும் மூவரும் தங்கள் தட்டை நிறுத்திவிட்டுப் படிப்பார்கள். ஒரு நூலகத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில், கழித்துக் கட்டிய பெட்டிக்குள் முப்பத்தொரு வருடம் முன்பு அவருக்குக் கிடைத்த தட்டு அது. பெயர் தெரியாத ஐந்து பேர் ஏதோ ஒரு சிறிய அரங்கத்தில் வாசித்தது. உறையில் ஒரு சிவப்புக் குடையின் படம். கீழே இருந்த எழுத்தெல்லாம் தண்ணீர் பட்டுக் கரைந்து போயிருந்தது. அதை அவர் வீட்டை விட்டு வெளியே எடுத்ததேயில்லை. வருடத்துக்கு ஒருமுறை பேக்கரியின் மாடி அறையில் நால்வரும் கூடும்போது கேட்டால், அதற்குச் சளி பிடித்துவிடும் என்பார்.

எழுத்தில் மட்டும் அள்ளி வழங்குவார். உலகத்திலேயே மிக ஆழமான சாக்ஸபோன் அதில் இருக்கிறது. அந்த ஆள் மூச்சை இழுத்தால் அரங்கத்தின் திரைச்சீலையும் கூடவே உள்ளே போகும். கைதட்டல் கைதட்டல் மாதிரியே இருக்காது. தொலைவில் மழை நடந்து வருவது மாதிரி இருக்கும். நடுவில் ஒரு இருமல் கேட்கும். அது மனிதர் இருமுவதல்ல. யானை ஒன்று டிக்கெட் வாங்கி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத்தான் தொண்டை கரகரப்பு.

அந்த யானைக்கு அவர்களிடையே நல்ல மரியாதை இருந்தது. 'யானை நலமா?' என்று பேக்கரி அக்கா விசாரிப்பார்.

இதில் லிஃப்ட்காரர் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. அவர் உட்கார்ந்து பழகாத மனிதர். குழாய் சொட்டினால் எழுவார், கதவு கிரீச்சிட்டால் எழுவார், எதுவுமே நடக்காவிட்டால் ஏன் எதுவும் நடக்கவில்லை என்று திருப்புளியோடு எழுவார். சிவப்புக் குடை ஓடும்போது மட்டும் சோபாவில் மனைவி பக்கத்தில் உட்காருவார். முதலில் பாஸ் நான்கு அடி எடுத்து வைக்கும், காலுறை போட்டுக்கொண்டு யாரோ படி இறங்குவதுபோல. பிறகு பியானோ, நிரம்பிய வாளியில் ஒவ்வொரு சொட்டாக. பிறகு அந்த சாக்ஸபோன். ஜன்னல் வெளிச்சம் தரையில் ஒரு சாண் நகரும். கட்டடமே கம்பி தளர்ந்து, அவசரமில்லாமல், நான்காம் மாடியிலிருந்து எங்கோ கீழே, தரைக்கும் கீழே, மெத்தென்ற ஓர் இடத்துக்கு இறங்கும். டைப்பிங் பள்ளி நடத்தி ஓய்வு பெற்ற அவர் மனைவி, கண்ணை மூடித் தலையை அவர் தோளில் சாய்த்துக்கொள்வார். பதினேழரை நிமிடம். முள் தூக்கியதும் கட்டடம் மேலே வந்துவிடும். அவரும் எழுந்து குழாயைப் பார்க்கப் போய்விடுவார்.

இப்படி இருக்கையில்தான் ஒரு சனிக்கிழமை பல் டாக்டர் எழுதினார்.

'சிவப்புக் குடை. இன்னொரு பிரதி கிடைத்தது. பழைய சாமான் கடை. முதல் பக்கம் பதிமூன்று நிமிடம். சாக்ஸபோன் சுறுசுறுப்பு. யானை இல்லை.'

லிஃப்ட்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பல் டாக்டருக்குக் காதிலும் சொத்தை விழுந்துவிட்டது என்று பதில் எழுதப் போனார். அதற்குள் அடுத்தது வந்தது. அடுத்த வாரம் வருடாந்திரக் கூட்டம். பேக்கரி மாடியில் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். ஆகவே லிஃப்ட்காரர் வீட்டில் கூடலாம், என் பிரதியைக் கொண்டு வருகிறேன், இரண்டையும் போட்டுப் பார்க்கலாம். மற்ற இருவரும் உடனே சம்மதம் சொன்னார்கள். தாடி கூட முழு வாக்கியம் எழுதினார்.

சிரிப்பு பாதியில் நின்றது. பதிமூன்று. பதினேழரை. வேகக் கணக்கில் முப்பத்தாறு வருடம் ஊறிய மண்டை, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், தானாகவே வகுத்துப் பார்த்துவிட்டது.

தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தின்மேல், நூலகத்தார் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்: 'இரவல் தரப்படாது.' முப்பத்தொரு வருடமாக அந்தச் சீட்டு அவருக்கு ஒரு பட்டம் மாதிரி. அன்று மனைவி பால்கனியில் துணி மடிக்கும்போது, கெட்டிலின் ஆவியைத் துணியில் பிடித்து, பூப்போல ஒற்றி ஒற்றி அதன் ஒரு மூலையைத் தூக்கினார். கீழே இரண்டே இலக்கம். நாற்பத்தைந்து.

பெரிய தட்டென்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டென்றால் நாற்பத்தைந்து. சேகரிப்பவர்கள் யோசிக்காமலே கை வைக்கும் பழக்கம் அது. பெரிய தட்டிலும் நாற்பத்தைந்து அபூர்வமாக உண்டு என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் தோன்றவில்லை. ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் சரியான வேகத்தில் ஏறி இறங்க உயிரைக் கொடுத்த மனிதர், தன் வீட்டு வரவேற்பறையில் முப்பத்தொரு வருடம் தவறான வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

வேக விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளி ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். கை போனது, விரல் வரவில்லை. மூக்கு உடைபடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த இசையை யாருமே வாசிக்கவில்லை என்று ஆகிவிட்டால், மெத்தென்ற அந்த இடமும் இல்லை என்றாகிவிடுமே. ஒருமுறை சரியாகக் கேட்டுவிட்டால் பிறகு எப்படித் தவறாகக் கேட்பது?

"என்னங்க, கெட்டில் ஏன் அங்க இருக்கு?" என்றார் மனைவி உள்ளே வந்து.

"தூசி," என்றார் அவர்.

மனைவி கெட்டிலையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். கெட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை வரை லிஃப்ட்காரர் சரியாகத் தூங்கவில்லை. தூங்கவில்லை என்றால் கொட்டாவி விட்டதில் நான்கு மாடியிலும் ஜன்னல் அடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை, மனைவி கடைக்குப் போன நேரத்தில், பிளேயரின் மேல்தட்டைக் கழற்றினார். உள்ளே மோட்டார் தண்டில், இரண்டு படி வைத்த ஒரு சின்னக் கப்பி. சிறிய படியில் பெல்ட் ஓடினால் முப்பத்து மூன்று, பெரிய படியில் ஓடினால் நாற்பத்தைந்து. விசையைத் தள்ளினால் இரு விரல் போன்ற ஒரு சின்னக் கவை பெல்ட்டைப் பிடித்து மறு படிக்கு மாற்றும். அந்தக் கவையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி விசையை எங்கே தள்ளினாலும் பெல்ட் சிறிய படியை விட்டு நகராது. 'கிளிக்' சத்தம் மட்டும் வராமல் போய்விட்டது. அதற்கும் ஒரு பழைய பேனாவின் ஸ்பிரிங்கை வைத்துச் சத்தம் வரவழைத்தார். செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்து பழகியவர். ஓடாததை ஓடவைத்தே பிழைத்தவர், வாழ்க்கையில் முதல்முறையாக, ஓடுவதை ஓடாமல் ஆக்கியிருந்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதுதான் வெட்கக்கேடு.

சனிக்கிழமை மூவரும் வந்தார்கள். பேக்கரி அக்கா கூடை நிறைய ரொட்டி கொண்டுவந்தார். தாடி, தூக்கத்தை வீட்டில் முடித்துவிட்டு வந்ததாகச் சத்தியம் செய்து, இருப்பதிலேயே சாய்வான நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார். பல் டாக்டர், தட்டைக் குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"முதல்ல உங்க பிரதியையே போடுங்க டாக்டர்," என்றார் லிஃப்ட்காரர், கண்ணில் மண்ணைத் தூவுகிறவனுக்கு வரும் அலாதிப் பணிவோடு.

டாக்டர் தட்டை வைத்தார். நடுக் காகிதத்தைக் குனிந்து படித்தார். விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளினார். கிளிக். முள் இறங்கியது.

பாஸ், காலுறை போட்டுக்கொண்டு படி இறங்கியது. பியானோ சொட்டியது. சாக்ஸபோன் வந்தபோது பேக்கரி அக்காவின் கையில் இருந்த ரொட்டித் துண்டு வாய்க்குப் பாதி வழியில் நின்று, பதினேழரை நிமிடமும் அங்கேயே இருந்தது. தாடி தூங்கவில்லை, விழித்துக்கொண்டே கனவு கண்டார். அறை இறங்கியது. ஐந்து பேரையும் நாற்காலி, கூடை, கோப்பைகளோடு தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு மாடியாகக் கடந்து, வெளிச்சம் தேன் நிறமாகி, சாலைச் சத்தம் தலைக்கு மேலே எங்கோ மீன்கள்போல நீந்திப் போக, கீழே கீழே இறங்கியது. நடுவில் யானை இருமியது. பேக்கரி அக்கா கண்ணைத் திறக்காமலே புன்னகைத்தார். கடைசியில் தொலைவிலிருந்து மழை நடந்து வந்தது, நின்றது.

முள் மேலே எழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று லிஃப்ட்காரர் டாக்டரைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் தெரிந்தது, பார்த்திருக்கக்கூடாது.

டாக்டர் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யானை இருக்கு," என்றார் மெதுவாக. "பதினேழரை நிமிஷம். நீங்க எழுதினது எல்லாமே சரிதான் அண்ணே. என் மெஷின்தான் கெட்டுப்போயிருக்கு. நாற்பத்தஞ்சுல வெச்சா கண்டபடி ஓடுது போல."

அதனாலென்ன, எல்லா மெஷினும் எப்போதாவது மக்கர் பண்ணும் என்று பேக்கரி அக்கா சமாதானம் சொன்னார். டாக்டர் தலையாட்டினார். ஆனால் அவர் நினைவு எங்கோ போய்விட்டிருந்தது. மருந்துச் சீட்டு அளவுக்கு மேல் எழுதாத மனிதர், அன்று நிறுத்தாமல் பேசினார்.

"அப்பா கடைசி நாலு மாசம் படுக்கையில இருந்தாரில்ல. அவருக்குப் பிடிச்ச ரெக்கார்டு ஒண்ணு உண்டு. அதுவும் நாற்பத்தஞ்சுதான். தினம் காலையில போடுவேன். ஒருநாள் சொன்னார், என்னடா இது, இவ்ளோ அவசரமா ஓடுதுன்னு. நான் சிரிச்சேன் அண்ணே. உங்களுக்குத்தான் வயசாயிடுச்சுன்னு சொன்னேன்." கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார். "அவர் சொன்னது சரியா இருந்திருக்கு."

பதினோரு வருடமாக எழுதியதில் எது சரி, எது தவறு என்று இனித் தனக்கே தெரியாது என்றார். கேட்காததைக் கேட்டதாக எழுதியிருக்கிறேன், சட்டப்படி நான் விலகிக்கொள்கிறேன் என்றார். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து உறையில் போடத் தொடங்கினார்.

லிஃப்ட்காரரின் சட்டைப் பையில் கவை கனத்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத துண்டு. அந்த நேரத்தில் ஒரு லிஃப்டின் எதிரெடை முழுவதும் பையில் இருப்பது மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். வாயில் பத்துப் பொய் தயாராக இருந்தது. எல்லாமே நல்ல பொய்கள். வேறொரு நாளாக இருந்தால் அதில் எதைப் போட்டிருந்தாலும் சபை கலகலத்திருக்கும்.

"அதை உறையில போடாதீங்க டாக்டர்," என்றார். கவையை எடுத்து மேசைமேல் வைத்தார். "உங்க மெஷின் ஒழுங்காத்தான் ஓடுது. இந்த மெஷின்தான் நாற்பத்தஞ்சுல ஓடலை. நான்தான் ஓடவிடலை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சீட்டு, கெட்டில், கப்பி, பேனா ஸ்பிரிங். ஒன்றையும் பெரிதாக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்த முதல் சரியளவுக் கதை அதுதான். அதனாலேயே அதை நம்ப மற்றவர்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

டாக்டர் கவையைக் கையில் எடுத்துப் பார்த்தார். வெகுநேரம், ஒரு பிடுங்கிய பல்லைப் பார்ப்பதுபோல, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அப்பாவுக்கு நான் சரியாத்தான் போட்டேனா?"

"சரியாத்தான் போட்டீங்க. அவருக்கு அப்படித் தோணியிருக்கு, அவ்வளவுதான்."

டாக்டர் மூக்கை உறிஞ்சினார். பிறகு, "சரியான வேகத்துல போடுங்க அண்ணே. எல்லாரும் கேட்கட்டும்," என்றார். கோபமாகச் சொன்னாரா இல்லையா என்று சொல்ல முடியாது. அதுதான் தண்டனை என்று லிஃப்ட்காரருக்குப் பட்டது. மேல்தட்டைத் தூக்கி, பெல்ட்டை விரலாலேயே பெரிய படிக்கு மாற்றினார். முள்ளை வைத்துவிட்டு, அடி வாங்கப் போகிறவர்போல நின்றார்.

படி இறங்கிக்கொண்டிருந்த ஆள் இப்போது இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிவந்தார். பியானோ குழாயை முழுதாகத் திறந்துவிட்டது. சாக்ஸபோன் ஆழமும் இல்லை, ஒன்றும் இல்லை. கூரையில் உட்கார்ந்து விடாமல் வம்பளக்கும் பறவை மாதிரி இருந்தது. பேக்கரி அக்காவின் கால் தானாகவே ஆடியது. தாடி தொடையில் தாளம் போட்டார். நடுவில் அந்த இருமல் வந்தது. யானை இல்லை. ஒரு பெண். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, வந்துவிட்டதே என்று கூச்சப்பட்டு இருமிய சின்ன இருமல். டாக்டர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள், லிஃப்ட்காரர் தவிர. பதிமூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்து, மனிதர்கள் மனிதர்கள் மாதிரியே கை தட்டினார்கள்.

"நல்ல பாட்டுதான்," என்றார் லிஃப்ட்காரர். "எனக்குத்தான் அறிமுகமே இல்லை."

அப்போதுதான், அதுவரை கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி வாயைத் திறந்தார்.

"எனக்கு அறிமுகம் உண்டு. முதல் நாளே தெரியும்."

நான்கு தலைகள் திரும்பின.

"அந்தக் கைதட்டல். மனுஷன் யாராவது அப்படிக் கை தட்டுவானா? நிமிஷத்துக்கு எத்தனை அடின்னு இருபத்தெட்டு வருஷம் ஸ்டாப்வாட்ச் வெச்சு எண்ணினவ நான். ஒருநாள் இவர் வெளியூர் போயிருந்தப்போ நாற்பத்தஞ்சுல போட்டும் பார்த்துட்டேன்."

"அப்போ ஏன் அண்ணி சொல்லலை?" என்றார் டாக்டர்.

அவர் கடைசிக் கோப்பையை அடுக்கினார். "அதுல போட்டா பதிமூணு நிமிஷம்தான் உட்காருவாரு. இதுல பதினேழரை."

ஒவ்வொரு முறையும் நாலரை நிமிடம், முப்பத்தொரு வருடம் என்று லிஃப்ட்காரரின் மண்டை பெருக்கப் பார்த்தது. இந்த முறை அவர் விடவில்லை.

தீர்ப்பு சொல்லும் பொறுப்பு பேக்கரி அக்காவுக்கு வந்தது. லிஃப்ட்காரரை விலக்கினால் சனிக்கிழமை நான்கு மணிக்குப் படிக்க என்ன இருக்கிறது என்று தாடி கேட்டார். ஆகவே அக்கா யோசித்து, அதைவிடக் கொடிய தண்டனை ஒன்றைக் கண்டுபிடித்தார். மூன்று மாதத்துக்கு லிஃப்ட்காரர் உள்ளதை உள்ளபடி மட்டும் எழுத வேண்டும். ஒரு நாய் தாளம் போடக்கூடாது. ஒரு கண்ணாடி நடக்கக்கூடாது.

அடுத்த சனிக்கிழமை நான்கு மணி. கவை மறுபடி தன் இடத்தில் இருந்தது. லிஃப்ட்காரர் பிளேயர் முன் நின்று, விசையின்மேல் விரலை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் நின்றார். மனைவி சோபாவில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்து மூன்றுக்குத் தள்ளினார். மெத்தென்ற இடம் இருக்குமோ, இருக்காதோ என்று பயந்துகொண்டே போய் உட்கார்ந்தார். பாஸ் நான்கு அடி எடுத்து வைத்தது. தரை லேசாக அசைந்தது. தோளில் ஒரு தலை சாய்ந்தது. கட்டடம் இறங்கத் தொடங்கியது.

ஒரு கையால் எழுதினார். 'சிவப்புக் குடை. முதல் பக்கம். முப்பத்து மூன்று. வேண்டுமென்றே. மனைவி பக்கத்தில்.' மனிதருக்கு அதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியாமல் வியர்த்தது.

பல் டாக்டரின் பதில் உடனே வந்தது. 'அண்ணே, யானை?'

உள்ளதை உள்ளபடி எழுதினால், அது கைக்குட்டை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. லிஃப்ட்காரர் பெருமூச்சு விட்டு அதையே எழுதப் போனார். தோளில் சாய்ந்திருந்தவர், கண்ணை முழுதாகத் திறக்காமல், கைபேசியை அவர் கையிலிருந்து எடுத்தார். டைப்பிங் டீச்சரின் விரல்கள் திரையைப் பார்க்காமலே தட்டின.

'வந்துவிட்டது. இந்த முறை சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் இருவரும் நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறோம்.'